கறுத்த ஃபிலிம் கண்டித்த காலம்

பட்டப்பகலில் சிவப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு டாக்டர் நடந்துபோனால், அவர் ரேடியாலஜி படிக்கிறவர் என்று வார்டு ஆயா முதல் எல்லோருக்கும் தெரியும். அது அலங்காரத்துக்கு மாட்டியதல்ல. பேரியம் குடித்த நோயாளியின் இரைப்பை எப்படிச் சுருங்கி விரிகிறது என்று ஒளிர்திரையில் பார்க்க வேண்டுமானால் கண் முதலில் இருட்டுக்குப் பழகியாக வேண்டும். அந்தத் திரையின் வெளிச்சம் அவ்வளவு மங்கல். இருட்டறையில் இருபது, முப்பது நிமிடம் சும்மா உட்கார நேரமில்லாதவர்கள் சிவப்புக் கண்ணாடியோடு வெளியே மற்ற வேலைகளை முடித்துவிட்டு உள்ளே நுழைவார்கள். சிவப்பு ஒளி கண்ணின் இருட்டுப் பழக்கத்தைக் கெடுக்காது என்பதை வைத்து ட்ரெண்டலன்பர்க் என்ற ஜெர்மானியர் 1916-இல் சொன்ன வழி அது. பிம்பத்தைப் பல மடங்கு பிரகாசமாக்கும் இமேஜ் இன்டென்சிஃபையர் நம் ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு வந்துசேரும்வரை அந்தக் கண்ணாடிக்கு வேலை இருந்தது. என் ஆசிரியர்கள் அதை மாட்டிப் படித்தவர்கள். நான் படித்தது ஃபிலிமின் கடைசிக் காலம். இப்போது என்னிடம் எம்.டி. படிக்கிறவர்கள் ஃபிலிமைக் கையில் பிடித்ததே அபூர்வம்.

மூன்று தலைமுறையும் படித்த பாடம் ஒன்றுதான். அயனியாக்கும் கதிர்வீச்சை ஒரு மனித உடலுக்குள் செலுத்தி, அதற்குக் கொடுக்கும் விலைக்கு ஈடான தகவலை வெளியே எடுப்பது எப்படி? அந்த விலை மாணவனின் கண்ணுக்குத் தெரிந்த காலம் ஒன்று இருந்தது. தெரியாமல் போன காலத்தில் நாம் இப்போது இருக்கிறோம். எனக்குப் பெரிதாகப் படும் மாற்றம் இதுதான். மெஷின்களின் மாற்றம் அதற்கு அடுத்தது.

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே, அரசு பொது மருத்துவமனை வளாகத்தில் பர்னார்டு ரேடியாலஜி நிலையம் 1934-இல் தொடங்கியது. கேப்டன் டி.டபிள்யூ. பர்னார்டின் பெயரைத் தாங்கிய அந்த நிலையம், தென்னாட்டில் எக்ஸ்ரே மருத்துவத்தை ஒரு தனிப் படிப்பாக நிலைநிறுத்திய இடங்களில் முக்கியமானது. நோயைக் கண்டறிவதும் கதிர் கொடுத்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை செய்வதும் அன்று இரு வேறு துறைகளாகப் பிரிந்திருக்கவில்லை. ஒரே ஆள் எலும்பு முறிவுப் படத்தையும் பார்ப்பார், ரேடியம் ஊசியையும் கையாள்வார். அதே 1934-இல் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் குழு, இத்தொழிலில் இருப்பவர் நாளொன்றுக்கு 0.2 ரான்ட்ஜன் வரை வாங்கலாம் என்று வரம்பு வைத்தது. இன்றைய அளவையில் அது ஏறத்தாழ 2 மில்லிசீவர்ட். இன்று நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கதிர்வீச்சுப் பணியாளருக்கு அனுமதிப்பது ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பர்னார்டு நிலையம் திறந்த ஆண்டில் பத்து வேலைநாளுக்கு இருந்த அனுமதி, இன்று ஓராண்டு முழுமைக்கும் ஆனது.

அந்த வரம்புகூட ரத்தம் சிந்தி வந்ததுதான். எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரான்ட்ஜன் தன் மனைவி பெர்த்தாவின் கையைப் படமெடுத்தது 1895 டிசம்பரில். ஒன்பதே ஆண்டுகளில், 1904-இல், எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி இறந்துபோனார். எக்ஸ்ரே குழாய்களைத் தன் கையை வைத்தே சோதித்தவர் அவர். புண் புற்றாகி, கைகளை வெட்டியும் பிழைக்கவில்லை. ஹாம்பர்க் நகரின் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனைத் தோட்டத்தில் 1936-இல் ஒரு நினைவுத்தூண் எழுப்பினார்கள். கதிரால் உயிரிழந்த டாக்டர்கள், இயற்பியலாளர்கள், டெக்னீஷியன்கள், செவிலியர்கள் என 169 பெயர்கள் அதில் முதலில் செதுக்கப்பட்டன. பிறகு இன்னும் பல சேர்ந்தன. என் ஆசிரியர்களின் ஆசிரியர்கள் ரேடியேஷன் ஃபிசிக்ஸ் படித்தபோது தேர்வு மட்டும் அவர்கள் மனதில் இல்லை. விரல் நுனி வறண்டு வெடித்த மூத்தவர்கள் அவர்கள் கண்முன்னே நடமாடினார்கள்.

ஃபிலிம் காலத்து மாணவனுக்குக் கைவேலை மிகுதி. பேரியத்தை எந்தப் பதத்தில் கரைப்பது என்பதிலிருந்து படிப்பு ஆரம்பம்: உணவுக்குழாய்க்கு இட்லி மாவுக் கெட்டி, இரைப்பைக்கு அதைவிட நீர்த்தது. ஈய ஏப்ரன் போட்டுக்கொண்டு நோயாளியின் பக்கத்திலேயே நின்று, அவரை இப்படியும் அப்படியும் புரட்டி, வயிற்றை அழுத்தி, சரியான நொடியில் படம் பிடிக்க வேண்டும். மூளைக்கு இருந்த சோதனைகளைச் சொன்னால் இன்றைய மாணவர்கள் முகம் சுளிக்கிறார்கள். இடுப்பு முதுகில் ஊசி குத்தி, தண்டுவட நீரை எடுத்துவிட்டுக் காற்றைச் செலுத்தி, அந்தக் காற்று மூளையின் அறைகளில் போய் நிற்பதைப் படமெடுத்தார்கள். நோயாளி நாற்காலியோடு கட்டப்பட்டுச் சுழற்றப்படுவார். பிறகு நாட்கணக்கில் தலைவலியும் வாந்தியும். கழுத்துத் தமனியில் நேராக ஊசி குத்தி மருந்து செலுத்துவதும் வாடிக்கைதான். கட்டி இருக்கிறதா என்பதுகூட நேரடியாகத் தெரியாது. ரத்தக்குழாய் எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது என்பதை வைத்து ஊகிக்க வேண்டும். இதையெல்லாம் இழந்ததற்காக நான் ஏங்கவில்லை. இவை போனது நோயாளிகளுக்குக் கிடைத்த விடுதலை.

இழந்ததற்காக நான் வருத்தப்படுவது ஒன்றே ஒன்று. அது இருட்டறையில் இருந்தது.

ஃபிலிமுக்கு ஒரு குணம் உண்டு. கதிர் குறைந்தால் வெளுத்துப்போகும், கூடினால் கறுத்துப்போகும். டெவலப்பரில் ஐந்து நிமிடம், ஒரு அலசு, ஃபிக்சர், பிறகு ஓடும் தண்ணீர். சென்னைக் கோடையில் டெவலப்பர் சூடேறிப் படம் புகைமூட்டமாகாமல் இருக்கத் தொட்டியைச் சுற்றி ஐஸ் கட்டி போடுவார்கள். கேஷுவாலிட்டியிலிருந்து ஆள் வந்து நின்றால் உலரும்வரை காத்திருக்க முடியாது. சொட்டச் சொட்ட வியூ பாக்ஸில் மாட்டி, 'வெட் ஃபிலிம்' பார்த்தே ரிப்போர்ட் சொல்வோம். மார்புக்கு ஆறடி தூரம், இத்தனை கிலோவோல்ட், இத்தனை மில்லியாம்பியர்-விநாடி என்று எக்ஸ்போஷர் கணக்கு நாக்கு நுனியில் இருக்கும். கிலோவோல்ட்டைப் பதினைந்து சதவீதம் ஏற்றினால் கருமை இரட்டிக்கும். ஆகவே மற்றதைப் பாதியாக்கு. கணக்குத் தப்பினால் யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. தொட்டியிலிருந்து எழும் கறுத்த ஃபிலிமே கண்டித்துவிடும். நோயாளிக்குத் தேவைக்கு மேல் கதிர் கொடுத்துவிட்டாய் என்பது படத்திலேயே எழுதியிருக்கும், அதைத் துறை முழுவதும் பார்க்கும். ஸ்டாக்கில் ஃபிலிம் குறைவு என்பதால் ரிபீட் எடுக்கச் சீனியரின் அனுமதியும் வேண்டும். அதனால் பட்டனை அழுத்துமுன் கை ஒரு கணம் யோசிக்கும்.

டிஜிட்டல் டிடெக்டர் இந்தக் கண்டிப்பை எடுத்துவிட்டது. கதிர் கூடினாலும் கணினி கருமையைச் சமன்செய்து அழகான படமாகவே காட்டும். சொல்லப்போனால் இரைச்சல் குறைந்து படம் இன்னும் பளிச்சென்று இருக்கும். கதிர் குறைந்தால்தான் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும், ரிப்போர்ட் எழுதும் டாக்டர் போன் போட்டுக் குறை சொல்வார். எனவே டெக்னீஷியன் அடுத்த தடவை கொஞ்சம் ஏற்றிவைக்கிறார். அதற்கு அடுத்த தடவை இன்னும் கொஞ்சம். யாரும் தவறு செய்யவில்லை, யாருக்கும் தெரியவுமில்லை. ஆனால் சில மாதங்களில் அந்த அறையில் எல்லா நோயாளிகளும் கூடுதல் கதிர் வாங்குகிறார்கள். உலகம் முழுக்கப் பதிவான விஷயம் இது. டோஸ் கிரீப் என்கிறார்கள். திரையின் ஓரத்தில் எக்ஸ்போஷர் இண்டெக்ஸ் என்று ஓர் எண் வரும். கறுத்த ஃபிலிம் செய்த வேலையை இன்று செய்வது அந்த எண் மட்டுமே. ஆனால் கறுத்த ஃபிலிம் தானாகக் கண்ணில் படும். எண்ணை நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும், தேடிப் பார்க்க ஒருவர் சொல்லித்தர வேண்டும்.

சி.டி.யின் கதை இதைவிடப் பெரியது. 1971 அக்டோபர் 1 அன்று, லண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், மூளைக்கட்டி இருக்கலாம் என்று சந்தேகித்த ஒரு பெண்ணின் தலையைப் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டின் மெஷின் முதன்முதலாகப் படமெடுத்தது. படத்தில் 80-க்கு 80 கட்டங்கள். ஒரு வெட்டுக்குச் சில நிமிடங்கள் ஆகும், அதுவரை நோயாளி தலையை அசைக்கக் கூடாது. எட்டே ஆண்டுகளில், 1979-இல், ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கணிதத்தை முன்பே வகுத்துவைத்த ஆலன் கார்மக்குக்கும் நோபல் பரிசு. மூளைக்குள் காற்றைச் செலுத்தும் சித்திரவதை அத்தோடு ஒழிந்தது. பிறகு சுழல் ஸ்கேன், ஒரே சுற்றில் பல வெட்டுகள், இதயம் ஒரு துடிப்பு துடிப்பதற்குள் படம். ஒவ்வொரு ஃபோட்டானையும் எண்ணிப் பார்க்கும் சி.டி. 2021-இல் அமெரிக்க அனுமதி பெற்றுவிட்டது.

மாணவனின் அன்றாடமும் தலைகீழாகிவிட்டது. ஒரு வயிற்று சி.டி.யில் நூற்றுக்கணக்கான வெட்டுகள். நைட் டியூட்டியில் உட்கார்ந்தால் ஒன்றன்பின் ஒன்றாக லிஸ்டில் வந்து விழுந்துகொண்டே இருக்கும். நோயாளியின் முகத்தைப் பார்க்காமலே அவர் உடலின் ஒவ்வொரு மில்லிமீட்டரையும் அவன் பார்த்துவிடுகிறான். நாங்கள் ஆளுக்கொரு நல்ல கேஸைப் பார்ப்பதற்கு மாதக்கணக்கில் காத்திருந்தோம். பழைய ஃபிலிம் கவர்களைப் பேராசிரியரின் பீரோவிலிருந்து கெஞ்சி வாங்குவோம். இவர்கள் ஒரு வாரத்தில் பார்க்கும் நோய்களின் வகை எங்கள் முழுப் படிப்புக்காலத்தில் பார்த்ததை மிஞ்சும். மார்புக்கு ஃபெல்சன், ஃபிசிக்ஸுக்குக் கிறிஸ்டென்சன் என்று இரண்டு மூன்று புத்தகங்களை அட்டை கிழியப் படித்தவர்கள் நாங்கள். ஆஸ்திரேலியாவில் ஃபிராங்க் கயார்ட் 2005-இல் தொடங்கிய ரேடியோபீடியாவில் இவர்களுக்கு எந்த அபூர்வ நோயும் விரல் நொடியில் கிடைக்கிறது. நீட் பி.ஜி. கலந்தாய்வில் முதல் ரேங்க்காரர்கள் எடுக்கும் இடங்களில் ரேடியாலஜி முன்னால் நிற்கிறது. கூர்மையான பிள்ளைகள் வருகிறார்கள். நோயைக் கண்டுபிடிப்பதில் அவர்கள் எங்களைவிடச் சிறந்தவர்கள் என்று தயக்கமில்லாமல் சொல்வேன்.

ஆனால் சாதாரண மார்பு எக்ஸ்ரே ஒன்று ஏறத்தாழ 0.02 மில்லிசீவர்ட். வயிற்று சி.டி. ஒன்று 8 முதல் 10. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் மனிதர்கள் இயற்கையாக வாங்குவது உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4. (மணவாளக்குறிச்சி மோனசைட் மணற்கரையில் அது இன்னும் அதிகம்.) அதாவது ஒரு வயிற்று சி.டி., மூன்று நான்கு ஆண்டு இயற்கைக் கதிருக்குச் சமம். நோயைக் கண்டறிய அது தேவையென்றால் இந்த அளவு அஞ்சத்தக்கதே அல்ல. தேவையா என்று கேட்க வேண்டிய ஆள் யார் என்பதுதான் கேள்வி. அந்த ஆளாகும் பயிற்சியைத்தான் பட்டமேற்படிப்பு தர வேண்டும்.

இதை 2021 மே மாதம் நாடே பார்த்தது. கொரோனா இரண்டாம் அலை. இருமல் வந்தவர்கள் ஆக்சிஜன் அளவைப் பார்க்குமுன் ஸ்கேன் சென்டர் வாசலில் நின்றார்கள். "நுரையீரல்ல எத்தனை பர்சென்ட்?" என்பது தெருவெங்கும் கேட்ட கேள்வி. அப்போது எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரண்தீப் குலேரியா, ஒரு சி.டி. ஸ்கேன் 300 முதல் 400 மார்பு எக்ஸ்ரேக்களுக்குச் சமம், லேசான அறிகுறிக்கு எடுக்காதீர்கள் என்றார். இந்திய ரேடியாலஜி சங்கம் உடனே மறுத்தது: அது பழைய காலத்துக் கணக்கு, இன்றைய மிகக்குறைந்த டோஸ் சி.டி. ஐந்து முதல் பத்து எக்ஸ்ரேக்களுக்கு மட்டுமே சமம். மக்கள் குழம்பிப்போனார்கள். அந்த வாரம் என் மாணவர்களிடம் இரண்டு கூற்றையும் கொடுத்து, எது சரி என்று கணக்குப் போட்டு வரச் சொன்னேன்.

போட்டுப் பார்த்தால் இரண்டுமே சரி. வழக்கமான மார்பு சி.டி. 5 முதல் 7 மில்லிசீவர்ட், 0.02-ஆல் வகுத்தால் 250 முதல் 350. டோஸை நன்றாக இறக்கி எடுத்தால் 0.1, 0.2-க்குக்கூடக் கொண்டுவரலாம், வகுத்தால் ஐந்து, பத்து. மெஷின் அதேதான், நோயாளி அவரேதான், நோயும் அதேதான். வித்தியாசம் கன்சோலில் யார் என்ன புரோட்டோகாலைத் தேர்ந்தெடுத்தார் என்பதில் இருக்கிறது. குழாய் மின்னோட்டத்தை எவ்வளவு விட்டார், நோயாளியை வட்டத்தின் நடுவில் சரியாகப் படுக்கவைத்தாரா, மார்புக்குக் கேட்டதற்கு வயிறு வரை இழுத்தாரா, மருந்து ஏற்றாமல் ஒருமுறை ஏற்றி ஒருமுறை என்று காரணமில்லாமல் இரண்டு தடவை எடுத்தாரா? ஸ்கேன் முடிந்ததும் மெஷினே டோஸ் ரிப்போர்ட் என்று ஒரு பக்கம் தருகிறது. படங்களில் அரை மில்லிமீட்டர்க் கட்டியைத் தேடும் மாணவர்களில் அந்தப் பக்கத்தைத் திறப்பவர்கள் குறைவு. ஃபிசிக்ஸை முதல் ஆண்டோடு கழித்துவிட வேண்டிய பேப்பராக நாம் நடத்துவதன் விளைவு இது. மாணவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பாடத்தை கன்சோல் அறைக்கு வெளியே, கரும்பலகையில் நடத்தியவர்கள் நாங்கள்தான்.

அன்று கற்றுத்தந்ததை இன்று மாற்றிக் கற்றுத்தர வேண்டிய இடங்களும் உண்டு. இடுப்பெலும்பைப் படமெடுக்கும்போது இனப்பெருக்க உறுப்புகள்மேல் ஈயத் தகடு வைப்பது பல பத்தாண்டுகளாகக் கண்டிப்பான விதி. மறந்தால் வைவாவில் தொலைந்தோம். 2019-இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் அந்த வழக்கத்தைக் கைவிடச் சொன்னது. உடலுக்குள்ளேயே சிதறும் கதிரை வெளியில் வைக்கும் தகடு தடுக்காது. தகடு இடம் மாறி எலும்பை மறைத்தால் இன்னொரு படம் எடுக்க வேண்டிவரும். தானியங்கி எக்ஸ்போஷர் இருக்கும் மெஷினில், தகடு குறுக்கே வந்தால் மெஷின் கதிரைக் கூட்டிவிடும். மனிதர்களில் கதிரால் வரும் பரம்பரைப் பாதிப்பு எந்தப் பெரிய ஆய்விலும் உறுதிப்படவில்லை. ஆனால், "முன்னாடி என் மூத்த பிள்ளைக்கு வெச்சீங்களே, இவளுக்கு ஏன் வைக்கல?" என்று ஒரு தாய் கேட்டால், இந்த நான்கு காரணத்தையும் அவருக்குப் புரியும் தமிழில் சொல்ல மாணவிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு பற்றிக் கேட்காத பெற்றோர் இல்லை. அத்துறையின் முன்னோடி விஞ்ஞானி ஜெஃப்ரி ஹின்டன் 2016-இல், ரேடியாலஜி டாக்டர்களைப் பயிற்றுவிப்பதை இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்தாண்டில் கணினி அவர்களை முந்திவிடும் என்றார். ஐந்தாண்டு கடந்துவிட்டது, இடங்கள் நிரம்பி வழிகின்றன. 2021-இல் உலக சுகாதார அமைப்பு, 15 வயதுக்கு மேற்பட்டோரின் மார்பு எக்ஸ்ரேயில் காசநோயைச் சலித்தெடுக்கக் கணினியைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. டாக்டரே இல்லாத கிராமத்துக்கு அது வரம், மனமார வரவேற்கிறேன். ஆனால் எடுத்த படத்தைத்தான் கணினி படிக்கிறது. எடுத்திருக்கவே வேண்டாத படத்தைப் பற்றி அது வாய்திறப்பதில்லை.

இப்போது எம்.டி. மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைகளில் பணியாற்ற வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் விதி வைத்திருக்கிறது. அங்கே பேராசிரியர் பக்கத்தில் இல்லை. மெஷின் இருக்கிறது, டெக்னீஷியன் இருக்கிறார், ரிக்வெஸ்ட் சீட்டு வருகிறது. அப்படிப் போன ஒரு மாணவன் சென்ற ஆண்டு ஓர் இரவு போன் செய்தான். எட்டு வயதுப் பையன், ஊஞ்சலிலிருந்து விழுந்திருக்கிறான், தலையில் சின்ன வீக்கம். மயக்கமில்லை, வாந்தியில்லை, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறான். கேஷுவாலிட்டியிலிருந்து தலை சி.டி.க்கு எழுதிவிட்டார்கள், அப்பாவும் பிடிவாதமாக நிற்கிறார்.

"சார், பீகார்ன் விதிப்படி இவனுக்கு ஸ்கேன் தேவையில்லை. வெச்சுப் பாத்தா போதும். நான் சொன்னா கேப்பாங்களா?"

அமெரிக்காவில் 42,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2009-இல் வெளியான விதி அது. எந்தக் குழந்தைக்குத் தலை ஸ்கேன் இல்லாமல் கவனித்தாலே போதும் என்று பிரித்துக்காட்டுவது. கீழே போய்ப் பையனை நீயே பார், பிறகு டியூட்டி டாக்டரிடம் பேசு, அப்பாவிடம் உட்கார்ந்து பேசு என்றேன். போனான். "ஸ்கேன் எடுக்க மாட்டேன்னு சொல்லலண்ணா. தேவைப்பட்டா அடுத்த நிமிஷமே எடுத்துடுவோம். நாலஞ்சு மணி நேரம் என் கண்ணு முன்னாடி இருக்கட்டும்" என்று சொன்னானாம். அப்பா சம்மதித்தார். விடியும்வரை மணிக்கொருமுறை எழுந்துபோய்ப் பார்த்திருக்கிறான். பையன் இட்லி தின்றுவிட்டு வீட்டுக்குப் போனான்.

மாணவர்களின் லாக் புக்கில் எத்தனை சி.டி. ரிப்போர்ட் எழுதினார்கள், எத்தனை பேரியம் செய்தார்கள், எத்தனை பயாப்ஸியில் உதவினார்கள் என்றெல்லாம் கட்டங்கள் உண்டு. அன்றிரவு அவன் செய்ததை எழுத ஒரு கட்டம் இல்லை. வரும் கல்வியாண்டிலிருந்து அதற்கென்று ஒரு பக்கம் சேர்க்க வேண்டும், ஆண்டுத் தேர்வில் ஒரு வைவாவைக் கன்சோல் முன்னால் டோஸ் ரிப்போர்ட்டை வைத்தே நடத்த வேண்டும் என்று எங்கள் துறைக் கூட்டத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.